நடுவரின் தீர்ப்பும் மேல்முறை நீதியும்

தீர்ப்பு வழங்கும் பொறுப்பை மனிதன் ஏற்கும்போது, தன் அறிவு எல்லைக்குட்பட்டது, தன் செவி ஏமாறக்கூடியது, தன் உள்ளம் சாயக்கூடியது என்னும் உண்மையையும் உடன் ஏற்றாக வேண்டும். எந்தச் சட்ட முறையும் இவ்வுண்மையை மறந்துவிட்டு நெடுங்காலம் நிலைத்து நின்றதில்லை. ஒரு நீதிபதியின் தீர்ப்பைப் பிறிதொரு நீதிபதி எடுத்து நோக்கலாம் என்னும் ஏற்பாடு இந்த உண்மையின் மீதே எழுந்தது. அது முதல் நீதிபதியை இழிவுபடுத்துவதன்று. அவரும் மனிதரே என்பதை நினைவில் கொள்வதாகும்.

நம் நாட்டில் எளிய மக்கள் நீதிமன்றத்தை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் முன்னிலையில்தான். மணவிலக்குப் பெற்ற பெண், கைவிடப்பட்ட மனைவி, கவனிப்பாரற்ற பெற்றோர் ஆகியோர் பராமரிப்புத் தொகை கோரிச் செல்லும் இடமும் அதுவே. அந்த நடுவரின் உத்தரவு பிழையானால் அவர்கள் எங்குச் செல்வது? மேலே உள்ள நீதிமன்றம் எதை ஆராயும், எதை ஆராயாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஷாபானு வழக்கைப் பற்றி நம் சமுதாயம் பேசியதற்கும் எழுதியதற்கும் அளவில்லை. எனினும் அவ்வழக்கு ஒரு நடுவரின் மேசையில் தொடங்கி, அங்கு இழைக்கப்பட்ட பிழை உயர் நீதிமன்றத்தில் ஓரளவு திருத்தப்பட்ட வழக்கு என்பதை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. ஆகவே அந்தக் கீழ்ப்படிகளிலிருந்தே இப்பொருளை அணுக விழைகிறோம்.

இஸ்லாமிய மரபில் தீர்ப்பின் மறுபார்வை

இறைத்தூதர் தாவூத் (அலை) அவர்களும் அவர்தம் மைந்தர் சுலைமான் (அலை) அவர்களும் ஒரு விளைநிலம் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த செய்தியைத் திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் குறிப்பிடுகின்றது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் வயலுள் புகுந்து மேய்ந்துவிட்டன. அவ்வழக்கின் உண்மையைச் சுலைமானுக்கு விளங்கச் செய்ததாகக் கூறும் இறைவன், இருவருக்குமே ஞானமும் அறிவும் வழங்கியதாகவும் உடன் கூறுகின்றான். ஒரு தீர்ப்பைவிட மற்றொன்று சிறந்ததாக அமைந்தபோதும், முதலாமவரின் மதிப்பு ஒரு சிறிதும் குறைக்கப்படவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடிய வழக்கை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. தாவூத் (அலை) அவர்கள் மூத்தவளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் வழக்கு வந்தபோது, குழந்தையை இரண்டாகப் பிளந்து பங்கிடக் கத்தி கொண்டுவருமாறு கூறினார்கள். இளையவள் பதறித் தன் உரிமையை விட்டுக் கொடுக்க முன்வந்தாள். குழந்தை அவளுடையதென்பது வெளிப்பட்டது. முதல் தீர்ப்பின்போது கிட்டாத ஒரு சான்று இரண்டாம் விசாரணையில் கிட்டியது. இமாம் நஸாயீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் நீதிபதிகளின் ஒழுக்கம் பற்றிய பகுதியில் இச்செய்தியை அமைத்து, ஒரு நீதிபதி தமக்கு ஒப்பான அல்லது தம்மினும் உயர்ந்த நீதிபதியின் தீர்ப்பை மாற்றுதல் என்னும் பொருளில் தலைப்பிட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, எதிர்த்தரப்பாரின் கூற்றையும் கேட்காதவரை தீர்ப்பளிக்க வேண்டாமென அறிவுறுத்தினார்கள். அங்கு அலீ (ரலி) அவர்கள், சிங்கத்தைப் பிடிக்க வெட்டிய குழியில் வீழ்ந்து இறந்தோரின் இழப்பீடு பற்றித் தீர்ப்பொன்று அளித்தார்கள். அதில் மனநிறைவு கொள்ளாத தரப்பார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட, அவர்கள் அத்தீர்ப்பையே உறுதி செய்ததாக முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். இதன் அறிவிப்புத் தொடர் குறித்து ஹதீஸ் கலையினரிடையே விமர்சனம் உண்டெனினும், கீழ்நிலைத் தீர்ப்பை மேல்நிலையில் எடுத்துரைப்பது முஸ்லிம் சமுதாயத்துக்கு அந்நியமான கருத்தன்று என்பதற்கு இது ஒரு குறிப்பாகும்.

நீதிபதி ஆய்ந்து தீர்ப்பளித்துச் சரியாக அமைந்தால் இரு கூலிகளும், தவறிவிட்டால் ஒரு கூலியும் உண்டென்பது நபிமொழி. தாமும் மனிதரே என்றும், வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், அதனால் பிறர் உரிமை தமக்குக் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வோர் நெருப்பின் துண்டையே பெறுகின்றனர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே தீர்ப்பு பிழையாகலாம் என்பதை ஒப்புவது ஈமானுக்கு முரணானதன்று.

ஆனால் ஒரு வழக்கு முடிவின்றித் திறந்து திறந்து பார்க்கப்படுமாயின் யாருடைய உரிமையும் உறுதிப்படாது. இவ்வாபத்தை உணர்ந்த ஃபிக்ஹு அறிஞர்கள், ஓர் ஆய்வு முடிவு அதற்கு ஒப்பான மற்றோர் ஆய்வு முடிவால் தகர்க்கப்படாது என்னும் விதியை வகுத்தனர். உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லாவின் 16ஆம் விதியாகவும் இது இடம்பெற்றுள்ளது. குர்ஆன், சுன்னா ஆகியவற்றின் தெளிவான சான்றுக்கோ இஜ்மாவுக்கோ மாறான தீர்ப்பு நீக்கப்படும். கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள பொருளில் அமைந்த தீர்ப்பு நிலைநிறுத்தப்படும். பங்குரிமை வழக்கொன்றில் உமர் (ரலி) அவர்கள் ஓராண்டு ஒரு விதமாகவும், பின்னர் அதே போன்ற வழக்கில் வேறு விதமாகவும் தீர்ப்பளித்தார்கள். முந்தைய தீர்ப்பை மாற்றவில்லை. சட்டப் பிழையைத் திருத்துவதும், ஆய்வுரிமைக்குட்பட்ட முடிவை மதிப்பதும் ஆகிய இவ்விரண்டுக்குமிடையிலான எல்லைக்கோடே இன்றைய மேல்முறை நீதியின் உயிர்நாடியாகவும் இருக்கக் காண்கிறோம்.

காழியின் தீர்ப்புக்கு அப்பால் மழாலிம் என்னும் முறையீட்டு மன்றமும் இருந்தது. உமையாக்களில் அப்துல் மலிக் பின் மர்வான் இதற்கெனத் தனி நாளொன்றை ஒதுக்கியதாக 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தம் அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில் எழுதுகின்றார்கள். காழிமார்கள் வலுவின்மையால் செயற்படுத்த முடியாமற்போன தீர்ப்புகளை நிறைவேற்றி வைப்பதும் அம்மன்றத்தின் கடமைகளுள் ஒன்றென அவர்கள் கூறியிருப்பது மிக முக்கியமானது. நிறைவேறாத தீர்ப்பு நீதியாகாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

காழியின் இடத்தில் நடுவர்

ஆங்கிலேயர் ஆட்சியில் காழிமார்களை அரசு நியமிக்கும் ஏற்பாடு 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டத்தால் நீக்கப்பட்டது. திருமணம் முதலிய சடங்குகளுக்குக் காழி தேவையென முஸ்லிம்கள் வேண்டியதன் விளைவாக 1880-இல் காழிகள் சட்டம் வந்தது. எனினும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, காழிக்கு நீதித்துறை அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லையெனத் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே தமிழகத்தில் அரசு காழியோ ஜமாஅத் நிர்வாகமோ சமரசம் செய்து வைக்கலாம். சட்டப்படி நிறைவேற்றத்தக்க பராமரிப்பு உத்தரவை அவர்களால் பிறப்பிக்க இயலாது.

இலங்கையில் நிலை வேறு. அங்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ்க் காதி நீதிபதியும், அவர் தீர்ப்பை மேல்முறையில் விசாரிக்கும் ஐவர் கொண்ட காதிகள் சபையும், அதற்கு மேல் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகும் வழியும் அமைந்துள்ளன. ஆயினும் காதி விதித்த தாபரிப்புத் தொகையை வசூலிக்க அங்கும் நீதவான் நீதிமன்றத்தின் துணையே நாடப்படுகின்றது.

இந்தியாவில் இப்பொறுப்பு முற்றிலும் நடுவரைச் சார்ந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்பு வழங்கும் அதிகாரத்தை நடுவருக்கு அளித்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாத பெண்ணையும் இதில் உட்படுத்தியது. இச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 125ஆம் பிரிவு இதில் 144ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. குடும்பநல நீதிமன்றம் உள்ள பகுதிகளில் நடுவரின் இவ்வதிகாரத்தை அந்நீதிமன்றமே செலுத்துகின்றது.

மேல்முறையீடும் சீராய்வும்

மக்கள் வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றுபோலவே வழங்குகின்றன. சட்டத்திலோ இவற்றிடையே பெரும் வேறுபாடு உண்டு. மேல்முறையீடு என்பது சட்டம் வெளிப்படையாக வழங்கினால் மட்டுமே கிட்டும் உரிமை. அது கிட்டிவிட்டால், மேல்நிலை நீதிமன்றம் சாட்சியங்களை முழுமையாக எடுத்து எடைபோட்டுத் தன் முடிவுக்குத் தானே வரக் கடமைப்பட்டது. சீராய்வு என்பதோ மேல்நிலை நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம். கீழ்நிலை உத்தரவு சரியானதா, சட்டத்துக்கு உட்பட்டதா, முறையானதா என்று அது நோக்கும். நடுவர் நம்பிய சாட்சியைத் தான் நம்பமாட்டேன் என்று சாதாரணமாக அது கூறுவதில்லை. சான்றே இன்றி எடுக்கப்பட்ட முடிவு, முக்கியச் சான்றைப் புறக்கணித்த முடிவு, சட்டத்தைப் பிறழ உணர்ந்த முடிவு ஆகியவற்றிலேயே அது தலையிடும்.

நடுவர் ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்துத் தண்டித்தால், தண்டனை பெற்றவர் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பழைய சட்டத்தின் 374ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 415ஆம் பிரிவும் இவ்வுரிமையை வழங்குகின்றன. இதற்குரிய காலவரம்பு 30 நாட்கள். முதல் வகுப்பு நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்த சிறு வழக்குகளில் மேல்முறையீடு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே முறையிட முடியும்.

பராமரிப்பு உத்தரவோ தண்டனைத் தீர்ப்பன்று. ஆகவே மேற்கூறிய மேல்முறையீட்டுப் பிரிவுகளுக்குள் அது அடங்காது. நடுவரின் பராமரிப்பு உத்தரவை எதிர்ப்பவர் சீராய்வு மனுவையே நாட வேண்டும். பழைய சட்டத்தின் 397, 401ஆம் பிரிவுகளும் புதிய சட்டத்தின் 438, 442ஆம் பிரிவுகளும் இதற்குரியவை. காலவரம்பு 90 நாட்கள். அமர்வு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டையும் அணுகலாமெனினும், ஒருவர் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டால் அவரே மற்றொன்றில் மீண்டும் சீராய்வு கோர முடியாது. எனவே எந்த வாயிலைத் தட்டுவது என்பதைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்து முடிவு செய்வது நன்று. குடும்பநல நீதிமன்றம் பிறப்பித்த பராமரிப்பு உத்தரவாயின், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி சீராய்வு உயர் நீதிமன்றத்துக்கே செல்லும்.

வழக்கை முடிவுக்குக் கொண்டுவராத இடைநிலை உத்தரவுகளைச் சீராய்வு செய்யலாகாது என்பதும், ஒருவரின் வாதத்தைக் கேட்காமல் அவருக்குப் பாதகமாக உத்தரவிடலாகாது என்பதும் சீராய்வுக்குரிய வரம்புகள். இரண்டாவது வரம்பை வாசிக்கும்போது, யமனுக்குப் புறப்பட்ட அலீ (ரலி) அவர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுரையே நம் நினைவுக்கு வருகின்றது.

இதே நடுவர் நீதிமன்றத்தில், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பெண் நிவாரணம் பெற்றாலோ மறுக்கப்பட்டாலோ நிலைமை வேறாகின்றது. அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு அமர்வு நீதிமன்றத்துக்கு முழுமையான மேல்முறையீட்டு உரிமையை வழங்குகின்றது. காலவரம்பு 30 நாட்கள். ஒரே பெண், ஒரே நடுவர், ஒரே வகையான துயரம். எனினும் எந்தச் சட்டத்தின்கீழ் மனு அளிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மேலே செல்லும் பாதையின் அகலம் மாறுபடுகின்றது.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நடுவர் தாம் கையொப்பமிட்ட தீர்ப்பை, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை நீங்கலாக, தாமே திருத்த முடியாது. ஆனால் பராமரிப்பு உத்தரவுக்குச் சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்துள்ளது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அதே நீதிமன்றத்தை மீண்டும் அணுகலாம். பழைய 127ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 146ஆம் பிரிவாக உள்ளது. வாழ்க்கைச் செலவு உயர்ந்தமைக்காக மேல்நிலை நீதிமன்றம் செல்லும் பலர் இந்த எளிய வழியை அறியாதிருக்கின்றனர்.

மூன்று வழக்குகள் உணர்த்துவன

ஷாபானு அவர்களுக்கு 1932-இல் திருமணம் நடைபெற்றது. 1975-இல் அவர் கணவரின் இல்லத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் இந்தூர் நடுவர் நீதிமன்றத்தில் மாதம் 500 ரூபாய் கோரி மனு அளித்தார். அக்காலத்தில் 125ஆம் பிரிவு அனுமதித்த உச்சத் தொகை அதுவே. அதே ஆண்டு நவம்பர் 6-இல் கணவர் மீட்க முடியாத தலாக் அளித்தார். வழக்கறிஞரான அவருடைய ஆண்டு வருமானம் சுமார் 60,000 ரூபாய். 1979 ஆகஸ்டில் நடுவர் வழங்கியதோ மாதம் 25 ரூபாய். ஆண்டுக்கு 300 ரூபாய், அதாவது கணவரின் வருமானத்தில் 200-இல் ஒரு பங்கு! உரிமை உண்டென்று நடுவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வுரிமையை வெறும் பெயரளவினதாக்கிவிட்டார்.

ஷாபானு சீராய்வு மனுவுடன் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சென்றார். 1980 ஜூலையில் அந்நீதிமன்றம் தொகையை 179 ரூபாய் 20 காசாக, ஏழு மடங்குக்கும் சற்று மேலாக, உயர்த்தியது. சீராய்வின் எல்லை குறுகியதாயினும், வெளிப்படையாகப் பொருந்தாத உத்தரவை அதனால் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் கணவரே. 1985 ஏப்ரல் 23-இல் ஐவர் அமர்வு அவர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தொகையை உயர்த்தக் கோரி அப்பெண் மீண்டும் 127ஆம் பிரிவின்கீழ் மனு அளிக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டியது. தனியார் சட்டம் குறித்தும் திருக்குர்ஆன் விளக்கம் குறித்தும் அத்தீர்ப்பு கூறியவை பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. அவ்வெதிர்ப்பில் நியாயமான கூறுகளும் இருந்தன. ஆயினும் அப்பேரொலியில், மாதம் 25 ரூபாய் என்னும் அந்த முதல் உத்தரவின் அநீதி நம் செவிகளில் விழாமலே போயிற்று.

இதற்கு நேர்மாறானது பாய் தாஹிரா வழக்கு. அங்கு நடுவர் தாய்க்கு மாதம் 400 ரூபாயும் குழந்தைக்கு 300 ரூபாயும் வழங்கினார். அமர்வு நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. உயர் நீதிமன்றம் சீராய்வு மனுவை விரிவான ஆய்வின்றித் தள்ளுபடி செய்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் நடுவரின் உத்தரவையே மீட்டளித்தது. முதல் நீதிபதி சரியாகவும் மேலிருந்தவர்கள் பிழையாகவும் தீர்ப்பளிக்கக்கூடும் என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. மேல்நிலை நீதிமன்றம் என்பதாலேயே அதற்குப் பிழையின்மை வாய்த்துவிடுவதில்லை.

மூன்றாவது, ஷமீம் ஆரா வழக்கு. 1979-இல் அவர் பராமரிப்புக் கோரி மனு அளித்தார். தாம் முன்னரே தலாக் அளித்துவிட்டதாகக் கணவர் தம் பதிலுரையில் கூறினார். கீழ்நிலை நீதிமன்றம் அதை ஏற்றது. உயர் நீதிமன்றம், அப்பதிலுரை தாக்கலான நாளிலிருந்து மணவிலக்கு நிகழ்ந்ததாகக் கொண்டது. 2002 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் ஏற்க மறுத்தது. தலாக் நியாயமான காரணத்தோடும், இரு தரப்பிலிருந்தும் நடுவர்கள் அமர்ந்து சமரசத்துக்கு முயன்ற பின்னரும் நிகழ வேண்டும்; நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த வெறும் கூற்று தலாக் ஆகாது என்று அது கூறியது. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் வலியுறுத்தும் சமரச முறை இவ்வாறு ஒரு பராமரிப்பு வழக்கின் வழியே நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. தீர்ப்பு சிறந்ததே. ஆனால் மனு அளித்ததற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 23 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அன்றாட உணவுக்கும் உடைக்குமான தொகை 23 ஆண்டுகள் கழித்துக் கைக்கு வருவதை நீதி என்பதா, வரலாறு என்பதா?

1986-க்குப் பின்

ஷாபானு தீர்ப்பையடுத்து முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவின்படி, மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு நியாயமான வாழ்வாதார ஏற்பாடு, இத்தாக்காலப் பராமரிப்பு, மஹர், திருமணத்தின்போது பெற்ற பொருள்கள் ஆகியவற்றை வழங்க உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கே உண்டு. மனுவை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்பது சட்டத்தின் விருப்பம். இத்தாவுக்குப் பின்னும் வாழ வழியற்றவளுக்கு உறவினரும், அவர்களால் இயலாதபோது மாநில வக்ஃபு வாரியமும் பொறுப்பேற்க வேண்டுமென 4ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் ஏழே பிரிவுகள் கொண்ட இச்சட்டத்தில் மேல்முறையீட்டுக்கெனத் தனிப் பிரிவு ஏதுமில்லை. இங்கும் சீராய்வே வழி.

2001 செப்டம்பர் 28-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இச்சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. அதே வேளையில், நியாயமான ஏற்பாடு என்பது அவளுடைய எதிர்கால வாழ்வையும் கருதியதாக இருக்க வேண்டும். இத்தாக்காலத்துக்குள் அந்த ஏற்பாட்டைச் செய்து முடிப்பதே கணவரின் கடமை என்றும் விளக்கியது. 2024 ஜூலை 10-இல் தெலங்கானாவிலிருந்து சென்ற வழக்கொன்றில், மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் 125ஆம் பிரிவையும் நாடலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைப் பறிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பின் நுட்பங்களில் நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவலாம். எனினும் இவ்விரு பாதைகளும் நடுவரின் அல்லது குடும்பநல நீதிமன்றத்தின் வாயிலிலேயே தொடங்குகின்றன என்பதில் ஐயமில்லை.

செய்யத்தக்கவை

சீராய்வு நீதிமன்றம் புதிய சாட்சிகளைத் தேடிச் செல்வதில்லை. முதல் நீதிமன்றத்தில் பதிவானவற்றையே அது எடுத்து நோக்கும். ஆகவே முதல் நாளில் தாக்கல் செய்யப்படாத ஆவணம், கேட்கப்படாத கேள்வி, பதிவாகாத வருமானம் ஆகியவற்றை மேலே சென்று ஈடு செய்வது மிக அரிது. 2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் தத்தம் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டுமென்றும், பராமரிப்புத் தொகை மனு அளித்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டுமென்றும் வழிகாட்டியுள்ளது. 500 ரூபாய் என்னும் பழைய உச்சவரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டதோடு, இடைக்காலத் தொகை கோரும் மனுவை இயன்றவரை 60 நாட்களில் முடிக்கவும் சட்டம் கூறுகின்றது. தொகை செலுத்தாதவருக்கு எதிராக ஓராண்டுக்குள் வசூல் மனு அளிக்க வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் ஜமாஅத்துகள் இதில் பெரும் பணியாற்ற முடியும். திருமணப் பதிவேட்டில் மஹர் தொகையும் அது செலுத்தப்பட்டதா என்பதும் ஐயமறப் பதிவாக வேண்டும். சமரசப் பேச்சு நடைபெற்றால், யார் வந்தனர், யார் வரவில்லை, என்ன உறுதியளிக்கப்பட்டது என்பன நாளிட்டு எழுதப்பட வேண்டும். இப்பதிவுகள் நடுவரின் முன் சான்றாக நிற்கும். பின்னர்ச் சீராய்விலும் அவையே பேசும். தீர்ப்பு வந்ததும் அதன் நகலைப் பெற்று, காலவரம்பு கழியுமுன் வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு அப்பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். இச்செய்தியை வெள்ளிக்கிழமை மேடைகளில் கூறுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

வழக்காடும் ஆண்களுக்கும் நாம் ஒன்று கூற விழைகிறோம். மேல்முறையீடு உரிமைதான், அது பிழையைத் திருத்துவதற்காக வழங்கப்பட்ட உரிமை. எதிர்த்தரப்பைக் களைப்படையச் செய்வதற்காகவும், கொடுக்க வேண்டிய தொகையைக் காலங்கடத்துவதற்காகவும் அதைப் பயன்படுத்துவது, தனக்குரியதல்லாத ஒன்றைச் சொல்வன்மையால் கைப்பற்றுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு கைப்பற்றியது எதுவென நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய எச்சரிக்கையை மேலே கண்டோம். எந்த உயர் நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தாலும் அவ்வெச்சரிக்கை தளர்ந்துவிடாது.

மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கு நன்முறையில் வாழ்வுப் பொருள் வழங்குதல் இறையச்சமுடையோர் மீது கடமையென்று திருக்குர்ஆன் 2ஆம் அத்தியாயத்தில் அறிவுறுத்துகின்றது. அக்கடமை மனமுவந்து நிறைவேற்றப்படும் வீட்டுக்கு நடுவரும் தேவையில்லை, சீராய்வும் தேவையில்லை. நிறைவேற்றப்படாத வீட்டுப் பெண்ணுக்கு, முதல் படியிலேயே செம்மையான தீர்ப்பும், அது பிழைத்தால் விரைந்து திருத்தும் மேல்நிலையும் கிட்டுவதற்கு உறுதுணையாக நிற்பது சமுதாயத்தின் பொறுப்பாகும். அப்பொறுப்பை உணர்ந்து செயற்பட வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!